செம்மண்ணும் செல்போனும்: நீளம் தாண்டும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் எந்தப் பள்ளி மைதானத்துக்குச் சாயங்காலம் போனாலும் இதைப் பார்க்கலாம். பையன் ஓடிவந்து தாண்டுவான். குழியிலிருந்து எழுந்து மணலைத் தட்டுவதற்குள் யாராவது மொபைலை நீட்டி, "இங்க பாரு, கால எப்படி வச்சிருக்க" என்பார். அவனும் பார்ப்பான், தலையாட்டுவான், அடுத்த முறையும் அதே மாதிரிதான் தாண்டுவான். வீடியோ எடுத்ததில் தப்பில்லை. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று முடிவு செய்யாமல் எடுத்ததுதான் தப்பு. ஒரு நாள் பயிற்சிக்கு ஒரே ஒரு கேள்வி போதும். அதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் கேமராவைத் திறக்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கானது. தேவையான சாமான்கள் குறைவு: ஸ்லோமோஷன் வசதியுள்ள ஒரு மொபைல், ட்ரைபாட், 30 மீட்டர் டேப், மூன்று கிரிக்கெட் ஸ்டம்ப், கோலமாவு, ஒரு விளக்குமாறு, ஒரு நோட்டு. கணினி கிடைத்தால் கினோவியா என்ற இலவச விண்டோஸ் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். கோணம் அளக்கவும், இரண்டு தாண்டலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் அது போதும். காசு கொடுத்து வாங்கும் ஆப் எதுவும் முதல் வருடத்துக்குத் தேவையில்லை.

மண் சொல்வதை முதலில் படியுங்கள்

சிந்தெடிக் டிராக் இல்லையே என்று நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு குறை. ஆனால் ரன்-அப்பை, அதாவது தாண்டுமுன் ஓடிவரும் ஓட்டத்தை, அளப்பதற்கு நம் செம்மண் மாதிரி வசதியான தரை வேறில்லை. போர்டுக்கு (மிதித்துத் தாண்டும் பலகைக்கு) முன்னால் உள்ள 10 மீட்டரை லேசாகத் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் குறுக்குவாட்டில் பெருக்கிவிடுங்கள். பிள்ளை ஓடிப் போனதும் கடைசி ஐந்தாறு அடிகளும் அச்சாகப் பதிந்திருக்கும். டேப்பை நீட்டி, ஒரு கால் நுனியிலிருந்து அடுத்த கால் நுனி வரை அளந்து எழுதுங்கள். கேமரா இந்த அளவை இவ்வளவு துல்லியமாகத் தராது.

13 வயதுச் சிறுமி ஒருத்தியின் கடைசி மூன்று அடிகள் 1.68, 1.74, 1.96 மீட்டர் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். கடைசி அடி நீண்டுவிட்டது. போர்டு எட்டாது என்று தெரிந்து காலை எட்டிப் போட்டிருக்கிறாள். குதிகால் இடுப்புக்கு வெகு முன்னால் போய் ஊன்றும், அது பிரேக் போட்ட மாதிரி வேகத்தைத் தின்றுவிடும். நன்றாகத் தாண்டுகிறவர்களிடம் கடைசிக்கு முந்தின அடி சற்று நீளும், அதில் இடுப்பு கொஞ்சம் தாழும். கடைசி அடி குறுகி வேகமாக விழும். இதே சிறுமிக்கு 1.68, 1.78, 1.66 என்று வந்தால் சரியான தாளம். இந்த அளவு எல்லோருக்கும் பொருந்தாது. அந்த ஏற்ற இறக்கம்தான் முக்கியம்.

அடுத்தது, போர்டின் முன்விளிம்புக்கும் கால் நுனிக்கும் உள்ள இடைவெளி. ஒவ்வொரு தாண்டலுக்கும் இதை எழுத வேண்டும். போட்டியில் அளப்பது முன்விளிம்பிலிருந்து. 18 செ.மீ. பின்னால் மிதித்து 4.62 மீட்டர் தாண்டியவள் உண்மையில் தாண்டியது 4.80. போர்டைச் சரியாக மிதித்து 4.70 தாண்டியவளைவிட இவளிடம் அதிகச் சரக்கு இருக்கிறது. இரண்டு எண்ணையும் எழுதாத நோட்டு உங்களை ஏமாற்றும். குழி மணல் மட்டத்தையும் பாருங்கள். மணல் போர்டைவிட 5 செ.மீ. தாழ்ந்திருந்தால் தூரம் பொய்யாகக் கூடும். எம்-சாண்ட் போட வேண்டாம். அது கூர்மையானது, இறுகிப்போகும். ஈரமான ஆற்றுமணலைக் கிளறிவிட்டுத்தான் பிள்ளைகளை இறக்க வேண்டும்.

ரன்-அப் தொடங்கும் இடத்தை எப்போது நகர்த்தலாம்

பயிற்சியாளர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு ஃபவுல் (முன்விளிம்பைத் தாண்டி மிதிப்பது) வந்ததும், "அரை அடி பின்னால போ" என்கிறோம். அடுத்ததில் பின்னால் மிதித்தால், "கொஞ்சம் முன்னால வா" என்கிறோம். பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது. ஒரு தாண்டலை நம்பி ஓட்டம் தொடங்கும் மார்க்கை நகர்த்தவே கூடாது.

முழு வேகத்தில் ஆறு முறை ஓடச் சொல்லுங்கள். தாண்ட வேண்டாம், போர்டை மிதித்துக் குழியைக் கடந்து ஓடினால் போதும். ஆறு இடைவெளியையும் எழுதுங்கள். 31, 12, 24, 8, 27, 18 செ.மீ. பின்னால் என்று வந்தால் சராசரி 20. உடனே 20 செ.மீ. முன்னால் நகர்த்தத் தோன்றும். நகர்த்தினால் என்ன ஆகும்? அதே ஆறு ஓட்டத்தில் 12, 8, 18 வந்த மூன்றும் ஃபவுல். சிக்கல் சராசரியில் இல்லை, சிதறலில் இருக்கிறது. 8-க்கும் 31-க்கும் இடையில் 23 செ.மீ. வித்தியாசம். போர்டின் அகலமே 20 செ.மீ.தான். முதலில் சிதறலைக் குறைக்க வேண்டும். அது 10 செ.மீ. அளவுக்கு வந்தபின் சராசரியைப் பார்த்து மார்க்கை நகர்த்தலாம்.

சிதறல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, போர்டுக்கு முந்தின நாலாவது காலடி விழும் இடத்தில் ஒரு செக் மார்க் (சரிபார்க்கும் அடையாளக் கோடு) போடுங்கள். அதே ஆறு ஓட்டத்தில் அந்த இடத்திலும் கால் நுனி எங்கே விழுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். செக் மார்க்கில் 40 செ.மீ. சிதறி, போர்டில் 23 என்று குறைந்தால் பிள்ளை கடைசி அடிகளில் கண்ணால் பார்த்துச் சரிசெய்கிறாள் என்று பொருள். பெரிய வீரர்களும் அப்படிச் சரிசெய்பவர்கள்தான், அது குற்றமில்லை. ஆனால் சரிசெய்ய வேண்டிய அளவு இவளுக்குப் பெரிதாக இருக்கிறது. கோளாறு தொடக்கத்தில்: ஒரு நாள் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறாள், ஒரு நாள் இரண்டு எட்டு நடந்துவந்து கிளம்புகிறாள், முதல் நாலு அடி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. நின்ற நிலையிலிருந்து, எப்போதும் ஒரே காலை முன்வைத்து, முதல் நாலு அடிக்கும் கோலமாவில் கோடு போட்டு ஒரு வாரம் ஓடவிடுங்கள். மாறாக, செக் மார்க்கில் 10 செ.மீ.தான் சிதறல், போர்டில் 23 என்றால், ஓட்டம் நன்றாக இருக்கிறது; போர்டைப் பார்த்ததும் பயம். "ஃபவுல் ஆயிடக் கூடாது" என்ற நினைப்பில் அடியைக் குறுக்குவதும் நீட்டுவதுமாக இருக்கிறாள். இவளுக்கு இரண்டு வாரம் போர்டையே மறைத்துவிட்டு, ஒரு மீட்டர் அகலத்துக்குக் கோலமாவைத் தூவி, எங்கே மிதித்தாலும் அங்கிருந்து அளந்து சொல்லுங்கள். 12 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எப்போதுமே இப்படி அளப்பதுதான் நல்லது.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆடிக் காற்றில் எதிர்த்து ஓடினால் அடி குறுகும், கால் போர்டுக்குப் பின்னால் விழும். பின்காற்று வந்தால் நேர்மாறு. ஒரு ஸ்டம்பில் சின்ன ரிப்பன் கட்டி வீடியோவில் தெரிகிற மாதிரி நட்டு வையுங்கள். காற்று அடித்த நாளின் அளவையும் அடிக்காத நாளின் அளவையும் கலந்து சராசரி போடாதீர்கள்.

வேகத்தை அளப்பது

நீளம் தாண்டுதலில் தூரத்தைத் தீர்மானிப்பது முதலில் வேகம்தான். அதனால் மொபைலுக்குக் கொடுக்க வேண்டிய முதல் வேலை, போர்டை நெருங்கும்போது பிள்ளை வேகம் குறைகிறாளா என்று பார்ப்பது.

ரன்-அப்பின் நடுக்கோட்டில், போர்டின் முன்விளிம்பிலிருந்து 11, 6, 1 மீட்டர் தூரத்தில் மூன்று ஸ்டம்புகளை நடுங்கள். 6 மீட்டர் ஸ்டம்புக்கு நேர் எதிரே, ரன்-அப்புக்குச் செங்குத்தாக, 12 முதல் 15 மீட்டர் தள்ளி ட்ரைபாடை வையுங்கள். கேமரா இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். மூன்று ஸ்டம்பும் திரைக்குள் அடங்கியதும் இரண்டு விநாடி படம் பிடியுங்கள். பிறகு ஸ்டம்புகளைப் பிடுங்கிவிட்டு ஓடவிடுங்கள். கேமரா அன்று முழுக்க ஒரு துளியும் அசையக் கூடாது. ஸ்டம்ப் தெரிந்த இடத்தில் கினோவியாவில் செங்குத்துக் கோடு போட்டால், இடுப்பு அந்தக் கோட்டைத் தாண்டும் படத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடலாம்.

ஏன் ஸ்டம்பை நடுக்கோட்டிலேயே நட வேண்டும்? ரன்-அப் ஓரத்தில் கோன் வைத்தால் அது கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கும், ஓடுகிறவள் தள்ளி இருப்பாள். ஓரத்துக்கும் நடுக்கோட்டுக்கும் 60 செ.மீ. இடைவெளி, கேமரா 12 மீட்டர் தள்ளி இருந்தால், கோன்களுக்கு இடையே 5 மீட்டர் என்று நீங்கள் நினைப்பது அவள் ஓடும் கோட்டில் சுமார் 5.26 மீட்டர். வேகம் 5 சதவீதம் குறைவாகத் தெரியும்.

விநாடிக்கு 240 படம் எடுக்கும் அமைப்பை வையுங்கள். அதில் ஒரு படத்துக்கு 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். 11-லிருந்து 6 மீட்டர் வரை 176 படம் என்றால் 0.733 விநாடி, அதாவது விநாடிக்கு 6.82 மீட்டர். 6-லிருந்து 1 மீட்டர் வரை 186 படம் என்றால் 0.775 விநாடி, 6.45 மீட்டர். போர்டுக்கு வருமுன்னே வேகம் விழுகிறது. இதைச் சாதாரண வீடியோவில், விநாடிக்கு 30 படத்தில் எடுத்தால் ஒரு படம் தப்பினாலே முதல் பகுதியின் வேகம் 6.5 என்றும் வரலாம், 7.1 என்றும் வரலாம். உண்மையான வித்தியாசம் அந்தப் பிழைக்குள்ளேயே காணாமல் போய்விடும்.

சில மொபைல்கள் 240 என்று சொல்லிவிட்டு, குறைவாக எடுத்து நடுவில் படங்களைத் தானே நிரப்பும். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு டென்னிஸ் பந்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விடுங்கள். தரையைத் தொட 0.45 விநாடி ஆகும். 240-இல் சுமார் 108 படம் வர வேண்டும், 120-இல் 54. எண்ணிக்கை ஒத்துவராவிட்டாலும், அடுத்தடுத்த இரண்டு படங்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தாலும் அந்த மொபைலின் எண்களை நம்ப வேண்டாம். திரையில் ஓடும் நேரத்தையும் நம்ப வேண்டாம். ஸ்லோமோஷன் பெரும்பாலும் எட்டு மடங்கு மெதுவாக ஓடும். படங்களை எண்ணுவதே சரி. கினோவியா இல்லாதவர்கள் கணினியில் விஎல்சியைத் திறந்து, ஆங்கில 'இ' எழுத்து விசையைத் தட்டினால் ஒவ்வொரு படமாக நகரும்.

போர்டை மிதிக்கும் நொடி

இதற்குக் கேமராவை இடம் மாற்ற வேண்டும். போர்டுக்கு நேர் எதிரே, 8 முதல் 10 மீட்டரில், இடுப்பு உயரத்தில். ஓட்டத்தோடு கேமராவைத் திருப்பக் கூடாது. அகலக் கோண லென்ஸ் வேண்டாம், ஓரங்களில் உடலை வளைத்துக் காட்டும். கேமரா கொஞ்சம் சாய்வாக, குழிப் பக்கத்திலிருந்து பார்த்தால் உடம்பின் கோணங்கள் உள்ளபடி தெரியாது. இல்லாத குறைக்கு வைத்தியம் பார்ப்போம். மேனுவல் அமைப்பு இருந்தால் ஷட்டரை 1/1000 விநாடியில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தாராளம். சாயங்காலம் 5.30-க்கு மேல் படம் மங்கத் தொடங்கும்.

போர்டில் கால் இருக்கும் நேரம் தேர்ந்த வீரர்களுக்கு ஏறக்குறைய 0.12 விநாடி. 30 படக் கேமராவில் அது மூன்று நாலு படம்தான். 240-இல் 29 படம் கிடைக்கும். அந்த 29-இல் மூன்றை மட்டும் பாருங்கள். கால் தொட்ட படம்: பாதம் தட்டையாக விழுகிறதா, உடம்பு நிமிர்ந்திருக்கிறதா. நடுப்படம்: முழங்கால் குழைந்து உட்கார்ந்துவிடுகிறதா. கால் விடுபடும் படம்: இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் நீண்டிருக்கிறதா, மற்றக் காலின் தொடை தரைக்கு இணையாக ஏறியிருக்கிறதா. இதோடு கடைசிக்கு முந்தின அடியில் இடுப்பு தாழ்வதையும் சேர்த்தால் நாலு படம். இவற்றில் அன்றைய கேள்விக்குரியது ஒன்றுதான்.

"உயரமா குதி" என்று சொல்வதை நிறுத்துங்கள். உலகத் தரத்தில் தாண்டுகிறவர்களே சுமார் 20 டிகிரியில்தான் கிளம்புகிறார்கள். உயரத்தைத் தேடும் பிள்ளை கடைசி அடியை நீட்டி, குதிகாலை ஊன்றி, ஓட்டத்தைக் கொன்றுவிட்டு மேலே போகிறது. காற்றில் நடக்கும் உத்தியையும் 14 வயது வரை விட்டுவிடலாம். அது தூரத்தைக் கூட்டுவதைவிடச் சமநிலையைக் காக்கத்தான் உதவுகிறது.

ஃபவுல் பார்க்கவும் மொபைல் உதவும். 2021 நவம்பரிலிருந்து, கால் தரையை விடும்முன் போர்டின் முன்விளிம்பிலிருந்து எழும் செங்குத்துத் தளத்தைத் தாண்டினாலே ஃபவுல். கால் தாண்டினால் தடம் பதியும் களிமண் போன்ற பிளாஸ்டிசின் பலகை நம் பள்ளிகளில் அரிது. இரண்டாவது மொபைலை முன்விளிம்புக்கு நேர்கோட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் செங்கல் மேல் வைத்தால் நியாயமாகச் சொல்லலாம்.

பிள்ளையிடம் சொல்லும் முறை

இந்தப் பகுதியில் அவசரப்பட்டால் மேலே அளந்ததெல்லாம் வீண்.

தாண்டி முடித்ததும் முதலில் பேச வேண்டியது பிள்ளை. "எத்தன சென்டிமீட்டர் பின்னால மிதிச்ச, சொல்லும்மா" என்று கேளுங்கள். அவள், "பத்து இருக்கும் சார்" என்பாள். டேப்பை வைத்தால் 22. இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். நாலைந்து வாரத்தில் இந்த இரண்டு எண்ணும் நெருங்கி வர வேண்டும். போட்டியில் மொபைல் கூட வராது, அவளுடைய உடம்பு சொல்வதுதான் வரும். அதற்குத்தான் இந்தப் பழக்கம்.

ஒவ்வொரு தாண்டலுக்கும் வீடியோ காட்டினால் அன்றைக்கு நன்றாகத் தாண்டுவாள், அடுத்த வாரம் மொபைல் இல்லாமல் தடுமாறுவாள். மூன்றுக்கு ஒன்று, அல்லது அவளாகக் கேட்கும்போது மட்டும் காட்டுங்கள். கேட்டு வாங்கும் பிள்ளை அதிகம் கற்றுக்கொள்கிறது. காட்டும்போது முதலில் இரண்டு முறை எதுவும் சொல்லாமல் ஓடவிட்டு, "என்ன தெரியுது?" என்று கேளுங்கள். பிறகு ஒரே ஒரு சொல். அதற்குப் பிறகு இரண்டு தாண்டல் வீடியோ இல்லாமல்.

அந்த ஒரு சொல் உடம்புக்கு வெளியே இருப்பதைச் சுட்டினால் நல்லது. "முழங்கால 90 டிகிரி மடக்கு" என்றால் பிள்ளை விறைத்துப்போகும். "போர்ட பின்னால தள்ளிவிட்டுட்டுப் போ", "குழிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேப்பமரத்தப் பார்த்தே ஓடு" என்றால் உடனே செய்யும்.

மோசமான தாண்டலை மட்டும் காட்டாதீர்கள். அதே நாளின் நல்ல ஒன்றைப் பக்கத்தில் வைத்து, "இதுல என்ன வேற மாதிரி பண்ணின?" என்று கேளுங்கள். மற்றப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று பார்க்க விடாதீர்கள். தேசிய சாதனைக்காரரின் வீடியோவோடு ஒப்பிடுவதும் வேண்டாம். தூத்துக்குடி மாவட்டம் முதலூரிலிருந்து போன ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-இல் 8.42 மீட்டர் தாண்டியதைப் பார்த்து ஆசை வரட்டும், நல்லதுதான். ஆனால் கால் வைக்கும் முறையை ஒப்பிடப் பிள்ளையின் போன மாத வீடியோதான் சரி.

எத்தனை தாண்டல்? முழு ரன்-அப்பில் நாலு முதல் ஆறு, குறுகிய ரன்-அப்பில் எட்டு முதல் பத்து. வீடியோ சரியாக வரவில்லை என்பதற்காக இன்னொரு முறை தாண்டச் சொல்லாதீர்கள். போர்டில் ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை ஒரே காலில் இறங்குகிறது. வளரும் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முண்டில் வலியோ குதிகால் வலியோ இருந்தால் தாண்டலை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். மாதம் ஒரு முறை உயரத்தை அளந்து எழுதுங்கள். சட்டென்று 2 செ.மீ. வளர்ந்திருந்தால் பழைய ரன்-அப் மார்க் பொருந்தாது. கால் ஏன் தப்புகிறது என்று திட்டாமல் ஆறு ஓட்டக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

வெயில், தூசி, வாட்ஸ்அப்

சித்திரை வைகாசி வெயிலில் ஸ்லோமோஷன் எடுத்தால் பத்து நிமிடத்தில் மொபைல் கொதித்துத் தானே அணைந்துவிடும். பின் கவரைக் கழற்றுங்கள், நெட்டை அணையுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், ட்ரைபாடுக்கு மேல் ஒரு குடை. பவர் பேங்கில் சொருகிக்கொண்டே எடுக்காதீர்கள். சூடானதை ஐஸ் பெட்டியில் வைத்தால் லென்ஸுக்குள் நீர் கோத்துவிடும். செம்மண் தூசியை வேட்டி முனையில் துடைத்தால் கண்ணாடி கீறும், மூக்குக் கண்ணாடித் துணி ஒன்று பையில் இருக்கட்டும். ஒவ்வொரு கிளிப்பும் ஆறேழு விநாடிக்குள் இருந்தால் மெமரி நிறையாது.

ஸ்லோமோஷனை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி, படங்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். பிறகு எண்ணிப் பயனில்லை. கேபிள் வழியாக மாற்றுங்கள், முடியாவிட்டால் டாக்குமென்டாக அனுப்புங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பிள்ளையின் பெயருக்குப் பதில் நோட்டில் உள்ள வரிசை எண், தேதி, தாண்டல் எண் போதும்.

வீடியோ எடுக்கும்முன் அப்பா அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். யார் மொபைலில் இருக்கும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று அதில் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் தாண்டலைக் குழுவிலோ ஸ்டேட்டஸிலோ போடவே கூடாது, ஜெயித்த தாண்டலாக இருந்தாலும் சரி. மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு கிளிப் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அன்றன்றே எண்களை நோட்டில் எழுதியபின் அழித்துவிடுங்கள்.